மாவு நம்முடையது, அச்சு ஊருடையது

என் கடையில் பாதி என்னுடையது இல்லை. சிங்கப்பூருக்குப் பாலம் போகிற ஜோகூரில், மாசாயில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை நானும் அக்காவும் சேர்ந்து எடுத்திருந்தோம். கூடப் பிறந்தவர் இல்லை, அக்கா என்று கூப்பிட்டுப் பழக்கம். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளுக்கும் லோரிக்கும் இன்சூரன்சும் சாலை வரியும் புதுப்பித்துத் தரும் நான். அந்தப் பக்கம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் வாங்கி அனுப்பும் அவர். விளம்பரம் என்றால் கல்யாண வாழ்த்து கொஞ்சம், மற்றதெல்லாம் நினைவஞ்சலி. எங்கள் நாட்டில் ஒருவர் போய் ஆண்டு நிறைந்தால் படத்தோடு நாலு வரிப் பாட்டும் பத்திரிகையில் வந்தாக வேண்டும். வராவிட்டால் சொந்தக்காரர்கள் பேசியே கொன்றுவிடுவார்கள். அந்த நாலு வரியை எழுதித் தருவது அக்கா. அவர் பக்கம் ஒரு குடும்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, என் பக்கம் நிற்பவன் சத்தமில்லாமல் இன்சூரன்ஸ் தொகையைக் கூட்டி எழுதிக்கொண்டு போவான். அதற்காக நான் அக்காவுக்குக் கமிஷன் எதுவும் தந்ததில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. காதலைப் பாடும் பழைய பாட்டுகளில் தலைவன் பெயரும் தலைவி பெயரும் வரக்கூடாதாம், அது அந்தக் காலத்து வழக்கம் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். பெயரை எடுத்துவிட்டால் பாட்டு எல்லாருக்கும் ஆகிவிடும் என்பார். அவரும் எல்லாருக்கும் ஆகட்டும்.

பொந்தியானில் பிறந்தவர். செட்டிநாட்டிலிருந்து வந்து மளிகைக் கடை போட்ட குடும்பம். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு, வாத்தியார் வேலை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான் பார்த்தவரையில் அவர்தான். வகுப்பில் பிள்ளைகள் பதில் சொல்வார்கள், கடையில்தான் பேசுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பருத்திப் புடவையோடு ஸ்கூட்டர் ஓட்டி வருவார். ஹெல்மெட்டுக்குள் கொண்டையை அடக்க அவர் படும் பாட்டைப் பார்க்கவே காலையில் கடையைச் சீக்கிரம் திறக்கலாம். மற்றவர்கள் கோப்பு வைக்கும் இரும்பு அலமாரியில் அவர் பழைய இலக்கியங்களை வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் பழுப்புக் காகித அட்டை. எது எந்தப் புத்தகம் என்று வெளியே எழுதியிருக்காது. கையை விட்டால் சரியானது வரும்.

அவருடைய காது மட்டும் தனியாக வேலை பார்க்கும். கை கணினியில் இருக்கும், வாய் தொலைபேசியில் இருக்கும், காது என் பக்கத்தில் இருக்கும். யாராவது எதையாவது சொல்லும்போது அந்தச் சொற்கள் விழுந்த விதம் அவருக்கு முன்பே தெரிந்ததாக இருந்தால், மேசையை விரல் கணுவால் தட்டுவார். தட்டினால் எனக்குத் தெரியும், இனி என் வாடிக்கையாளர் என்னுடையவர் இல்லை.

ஒரு முறை சிங்கப்பூருக்குச் சரக்கு ஏற்றும் லோரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். மனைவிக்குப் பேறுகாலம், விடுப்புக் கிடைக்கவில்லை. என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "பாலத்துல நிக்கிறேன் அண்ணே. மனசு வீட்டுக்குத் திரும்புங்குது, ஸ்டியரிங் சிங்கப்பூருக்குப் போங்குது. நடுவுல நான் யாரு சொல்றதக் கேக்குறது?" என்றார். மேசையில் டொக் என்று சத்தம். அக்கா தொலைபேசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து தடுப்போரம் வந்துவிட்டார். பொருள் தேடக் காட்டு வழியே போகிற ஆண் பழைய பாட்டுகளில் இப்படித்தான் பேசுவான், நெஞ்சு ஒரு பக்கம் இழுக்கும், எடுத்த வேலை மறுபக்கம் இழுக்கும், இவன் நடுவழியில் நிற்பான் என்றார். ஒரு பாட்டு இல்லை, பல பாட்டில், பல பேர் வாயில் இதே நடை என்றார். ஓட்டுநர் கொஞ்சம் யோசித்து, "அந்த ஆளுக்கும் ஓவர்டைமா அக்கா?" என்று கேட்டார்.

அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைச் சீனர் எட்டிப் பார்த்தார். ஆனால் அந்த ஓட்டுநர் போகும்போது வந்த மாதிரி போகவில்லை. தோளை நிமிர்த்திக்கொண்டு போனார். தன் புலம்பலுக்கு இவ்வளவு பெரிய குடும்பம் இருக்கிறது என்று தெரிந்த மனிதனின் நடை அது. அடுத்த ஆண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, முதலில் அவர் பக்கம்தான் போனார்.

எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்தில் ஒரு பேச்சாளர் உழைக்கும் பெண்களைப் பற்றி ஓர் அருமையான வரி சொன்னார். கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா நேரே போய், அந்த வரியின் நடை மூன்று காப்பியத்தில் இருக்கிறது என்று முகமெல்லாம் மலர்ந்து சொன்னார். அக்கா சொன்னது பாராட்டு. அந்த மனிதர் கேட்டது வேறு. திருடன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதாக நினைத்து, அன்றிலிருந்து எங்கள் கடைப் பக்கமே வருவதில்லை. தன் மோட்டார் இன்சூரன்சையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். நஷ்டம் எனக்கு. "ஏன்க்கா, சும்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டேன். "நல்லாருக்குன்னா அவரோட நிக்கும் தம்பி. இங்கெல்லாம் இருக்குன்னா அவரு எங்கெல்லாம் நிக்கிறாரு பாருங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. ஊருக்கு விளங்கவில்லை. அக்கா இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காதே என்று சிலர் வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்து, பிறகு வேடிக்கை போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் எங்கள் தாமான் குடியிருப்பில் அச்சு முறுக்கு சுடுவார்கள். நீளக் கம்பியின் முனையில் பித்தளைப் பூ. காய்ந்த எண்ணெயில் சூடாக்கி, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டால் பூவாகக் கழன்று மிதக்கும். என் மனைவி புதிதாக ஓர் அச்சு வாங்கி, மாவு முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு, எண்ணெயையும் என்னையும் ஒன்றாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அக்காவிடம் சொன்னேன். அவர் தன் வீட்டு அச்சைக் கொடுத்தனுப்பினார். அவர் அம்மாவுக்கு யாரோ கொடுத்தது, தெருவில் பாதி வீடுகளுக்குப் போய் வந்தது. அதில் மாவு ஒரு சிராய் இல்லாமல் கழன்று வந்தது. திருப்பிக் கொடுக்கும்போது எங்கள் வீட்டு முறுக்கையும் கொடுத்தேன். கடித்துவிட்டு, தேங்காய்ப்பால் தூக்கல், இது உங்கள் வீட்டு ருசி, வேறு யாருக்கும் வராது என்றார். பிறகு அந்தப் பேச்சாளர் நினைவு வந்ததோ என்னவோ, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "மாவு நம்மளோடது தம்பி. அச்சு ஊரோடது. பழகின அச்சுலதான் உடையாம கழண்டு வரும்."

இதை அவர் சொன்னபோது நான் முறுக்கைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சண்டை வந்தது ஒரு சனிக்கிழமை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, வேலை முடிந்து சீருடையோடு அக்காவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கணவன் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. திங்கட்கிழமை பத்திரிகையில் வர வேண்டுமென்றால் அன்று மூன்று மணிக்குள் அக்கா விளம்பரத்தை அனுப்ப வேண்டும். அவளுக்கு அக்கா எதுவும் எழுதித் தரவில்லை. அவரைப் பற்றிச் சொல்லும்மா என்று கேட்டார், அவள் சொன்னாள், அக்கா அதை அப்படியே கணினியில் தட்டினார். ஆணியில் தொங்குகிற ஹெல்மெட்டிடம், நீ இல்லாமல் எங்கே போனார் என்று கேட்டிருந்தாள். வாசல் விளக்கிடம், இன்னும் யாருக்காக எரிகிறாய் என்று கேட்டிருந்தாள். கடைசியில், நீயாவது சொல் என்று முடித்திருந்தாள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் ரசீது எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கெலாங் பாத்தாவிலிருந்து மண் வேலைக் குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். மண் ஏற்றும் லோரிகள் வைத்திருப்பவர், எனக்கும் வாடிக்கைதான். அவருடைய அப்பாவின் நினைவஞ்சலி அன்று காலைதான் வந்திருந்தது. எங்கள் வழக்கப்படி அதை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். அந்த உறை போடத்தான் வந்தார். வந்தவர் கண் கணினித் திரையில் பட்டது. அவர் கையில் இருந்த பத்திரிகையில், அக்கா எழுதிக் கொடுத்த வரிகள்: வாசல் மாமரமே, எங்கள் அப்பா போன வழியைப் பார்த்தாயா? சாய்வு நாற்காலியே, அவர் எழுந்து எங்கே போனார்? நீயாவது சொல்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு சாவுக்கு எழுதுனத இன்னொரு சாவுக்கு விக்கிறீங்களா? எங்கப்பாவுக்கு அழுத அழுகை உங்களுக்கு ரெடிமேட் சட்டையா?"

அந்தப் பெண்ணின் விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். இல்லாவிட்டால் ஜோகூர் முழுக்கச் சொல்லுவேன், இனி எந்தக் குடும்பமும் இங்கே படியேறாது என்றார். செய்யக்கூடியவர்தான். கோயில், சங்கம், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் அவர் குரல் கேட்கும். ஏற்கெனவே அந்தப் பேச்சாளர் விவகாரத்தில் அக்காவின் பெயர் பாதி அடிபட்டிருந்தது. ஊரையே திருடன் என்று சொன்னவர் தானே திருடினார் என்று கதை கிளம்பினால், கேட்பவர்களுக்குத் தேன் குடித்த மாதிரி இருக்கும். ஆனால் அக்கா அவரைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தான் எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி குனிந்திருந்தாள்.

"வேணாங்கக்கா, எடுத்துருங்க. படமும் பேரும் மட்டும் போடுங்க. எனக்குச் சரியா சொல்லத் தெரியல" என்றாள்.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான். கோபம் வந்தால் குரல் இறங்கும் போலிருக்கிறது. குத்தகைக்காரரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நான் தடுப்பைச் சுற்றிப் போய் என் நாற்காலியைப் போட்டேன், உட்கார்ந்தார்.

"உங்கப்பா தவறுனப்ப உங்கம்மா என்ன சொல்லி அழுதாங்க?"

அதெல்லாம் இப்போது எதற்கு என்றார் அவர். அக்கா திரும்பக் கேட்கவில்லை. காத்திருந்தார். அந்த மனிதர் பத்திரிகையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, அப்பாவுக்கு ஒரு சைக்கிள் இருந்தது என்று தொடங்கினார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போதும் அதுதான், கடைக்குப் போகும்போதும் அதுதான். உடம்பை எடுத்துக்கொண்டு போனதும் அம்மா யாரையும் பார்க்கவில்லை, நேரே போய்ச் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார் என்றார்.

"சைக்கிளே, நீதான எப்பவும் கூடப் போவ, இன்னிக்கு ஏன் விட்டுட்டு நிக்கிற, எங்க போனாருன்னு நீயாச்சும் சொல்லுன்னு…"

மடித்த பத்திரிகையை மேசையில் வைத்தார்.

"அவங்க யாருகிட்ட திருடுனாங்க?" என்று கேட்டார் அக்கா.

பிறகு எழுந்து அந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து மேசையில் விரித்தார். இங்கே பாருங்கள், கடற்கரைப் பெண் ஒருத்தி நண்டைக் கேட்கிறாள். இங்கே ஒருத்தி அலையைக் கேட்கிறாள். இது காப்பியம், பல நூற்றாண்டுக்குப் பிறகு, காணாமல் போனவளைத் தேடுகிறவன் ஆற்றைக் கேட்கிறான், மரத்தைக் கேட்கிறான். இவர்கள் கடவுளைக் காணாமல் அழுகிறவர்கள், நாரையைக் கேட்கிறார்கள், கிளியைக் கேட்கிறார்கள். காப்பியம் எழுதியவர் அந்தக் கடற்கரைப் பாட்டைப் பார்த்து எழுதினாரா? இருக்கலாம். கடற்கரைப் பெண்ணைக் கேட்டுத்தான் உங்கள் அம்மா சைக்கிளைப் பிடித்தாரா? அவருக்கு எழுத்தே தெரியாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மனிதர்கள் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று வந்துவிட்டால் தமிழ்க்காரன் பேசாததைப் பிடித்துக்கொண்டு கேட்பான். கடல் இருந்தவர்கள் கடலைக் கேட்டார்கள். நமக்குத் தோட்டமும் சைக்கிளும் இருந்தன. இந்தப் பெண்ணுக்கு ஹெல்மெட் இருக்கிறது.

இவ்வளவையும் அவர் படிப்பைக் காட்டுவதற்குச் சொல்லவில்லை. அப்படி இருந்தால் அந்த மனிதர் எழுந்து போயிருப்பார். ஒரு குடும்பத்துக்கு அதன் சொந்தக்காரர்களை அடையாளம் காட்டுகிறவர் மாதிரி விரல் வைத்து வைத்துக் காட்டினார். முறுக்கு அச்சைப் பற்றியும் சொன்னார். எனக்கு அப்போதுதான் முறுக்கு விளங்கியது.

குத்தகைக்காரர் திரையின் பக்கம் குனிந்தார். ஹெல்மெட் வரியை உதடு அசைத்துப் படித்தார். நல்ல நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணிடம், எந்த ரோட்டில் நடந்தது தங்கச்சி என்று கேட்டார். அவள் சொன்னாள். "என் லோரிங்க தெனம் போற ரோடு" என்றார். அக்காவிடம் திரும்பி, இது போகட்டும், ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்றார். அடுத்த ஆண்டு எங்கள் அப்பாவுக்கு மாமரம் வேண்டாம், அம்மாவின் சைக்கிளைப் போடுங்கள் என்றும் சொன்னார்.

மூன்று மணிக்கு முன்பே விளம்பரம் போய்விட்டது. புறப்படும்போது அந்தப் பெண் வாசலில் நின்று, "அப்ப நான் சொன்னது சரியாக்கா?" என்று கேட்டாள்.

"சரிங்கிறது சின்ன வார்த்தைம்மா" என்றார் அக்கா.

அவள் முகத்தில் அந்த ஓராண்டில் முதல் முறையாக வந்திருக்கக்கூடிய ஒன்றை நான் பார்த்தேன். அது பெருமைதான். துக்கத்துக்குள் பெருமைக்கு இடம் இருக்கிறது என்று எனக்கு அன்று தெரிந்தது. குத்தகைக்காரரும் சொன்ன மாதிரி ஜோகூர் முழுக்கச் சொன்னார். என்ன சொன்னார் என்றால், எங்கள் அம்மா அழுத அழுகை பழைய இலக்கியத்தில் இருக்கிறது, வேண்டுமானால் மாசாய்க்குப் போய்ப் பாருங்கள் என்று. அதற்குப் பிறகு குளுவாங்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எழுதித் தாருங்கள் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இப்படிச் சொல்லி அழுதார்கள், இதுவும் அதில் இருக்கிறதா என்று கேட்டார்கள். பல நேரம் இருந்தது. இல்லாதபோது அக்காவுக்கு இன்னும் சந்தோஷம். புது அச்சு என்பார்.

அக்கா போய்விட்டார். உடம்புக்கு வந்ததை யாரிடமும் சொல்லாமல், ஸ்கூட்டரில் வருவதை நிறுத்தி, பிறகு வருவதையே நிறுத்தினார். ஓராண்டு நிறையும்போது பொந்தியானிலிருந்து அவர் தம்பி கூப்பிட்டு, நினைவஞ்சலியை நீங்களே எழுதுங்கள், அக்காவின் பேச்சை ஆண்டுக்கணக்கில் கேட்டவர் நீங்கள்தான் என்றார். கேட்டது உண்மை. எழுதத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை.

அவருக்கு எழுதுவது யாரும் எழுதாததாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. எத்தனை அச்சு காட்டியவர், அவருக்கு ஒரு புது அச்சாவது நான் தர வேண்டாமா? உட்கார்ந்து எழுதினேன். எழுதியதெல்லாம் உடைந்து உடைந்து வந்தது. ஒட்டிக்கொண்டது, கழலவில்லை. கடைசியில் பேனாவை வைத்துவிட்டுத் தடுப்பைப் பார்த்தேன். பலகைத் தடுப்பே, அந்தப் பக்கம் ஏன் சத்தமில்லை? மேசையே, உன்னைத் தட்டிய விரல் எங்கே? நீயாவது சொல். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று தெரிந்தது. ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன்.

பத்திரிகை வந்த காலையில் அக்காவின் படத்தைப் பார்த்தேன், என் வரிகளைப் படித்தேன். பிறகு கண் கீழே போனது. அதே பக்கத்தில், சிகாமட்டில் ஒரு குடும்பம், யாரோ ஒரு மனிதருக்கு. கோப்பிக் குவளையே, உன்னைக் கழுவி வைத்து யாருக்காகக் காத்திருக்கிறேன்? வானொலியே, உன்னோடு பாடியவர் எங்கே? நீயாவது சொல்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அக்காவுக்கு நான் எழுதியதை, அதுவும் அதே நாளில், எவன் எடுத்தான்? பத்திரிகை அலுவலகத்தில் யாராவது கொடுத்திருப்பார்களோ? விளம்பரத்தின் அடியில் குடும்பத்தின் தொலைபேசி எண் இருந்தது. அழுத்தியே விட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் கண் போனது. காலி மேசை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. கெலாங் பாத்தா குத்தகைக்காரரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுமுனையில் வயதான பெண் குரல். மாசாயிலிருந்து பேசுகிறேன், உங்கள் வீட்டு நினைவஞ்சலியைப் பார்த்தேன், யார் எழுதியது என்று கேட்டேன்.

"நான்தாம்பா சொன்னேன், மகன் எழுதிக்கிட்டான். ஏன், அந்த மாதிரி வேற யாராச்சும் எழுதியிருக்காங்களா?" அவர் குரலில் ஒரு பயம் இருந்தது.

"எழுதியிருக்காங்கம்மா" என்றேன். "ரெண்டாயிரம் வருசமா."

அவர் மெதுவாக, "அப்ப நான் சொன்னது சரிதானா?" என்று கேட்டார்.

என் கை தானாகப் போய் மேசையைத் தட்டியது. "சரிங்கிறது சின்ன வார்த்தைம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்காரர் வானொலியோடு என்னென்ன பாட்டுப் பாடுவார் என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார்.